நெடுந்தளர்வு: கிராண்ட் மினிமத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுமத்தாருக்கு, வணக்கம்.

'மவுண்டர் மினிமம்' என்பதில் வரும் மினிமத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பத்து நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நேற்றிரவு எல்லா மடல்களையும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். நான் முன்பு பரிந்துரைத்த சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன். ஏன் என்று விளக்கவும், வேறொன்றை முன்வைக்கவும் இந்த மடல். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1645 முதல் 1715 வரை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், சூரியனில் கரும்புள்ளிகள் மிக அரிதாகவே தென்பட்டன. பார்க்க ஆளில்லாமல் அல்ல. தொலைநோக்கி வந்து ஒரு தலைமுறை கடந்திருந்தது. பாரிசில் பிக்கார்டும் கசினியும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1671-இல் ஒரு புள்ளி கண்ணில் பட்டதே செய்தியாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் குஸ்டாவ் ஸ்போரரும், கிரீனிச்சில் பணியாற்றிய வால்டர் மவுண்டரும் பழைய பதிவுகளைத் தோண்டி இதை எடுத்துச் சொன்னார்கள். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1976-இல் அமெரிக்க வானியலர் ஜான் எடி எல்லாச் சான்றுகளையும் திரட்டிக் கட்டுரை எழுதிய பிறகுதான் மவுண்டர் பெயரில் அது நிலைத்தது. அதற்கு முன்னும் இப்படிப்பட்ட காலங்கள் உண்டு. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் வந்ததற்கு ஸ்போரர் பெயர். இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் கிராண்ட் மினிமம். நமக்கு வேண்டியது அதற்கான சொல்.

இனி வந்த பரிந்துரைகள்.

> கணக்கில் மேக்சிமம் பெருமம், மினிமம் சிறுமம். பாடநூலில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்? கிராண்ட் மினிமம் என்றால் பெருஞ்சிறுமம், அவ்வளவுதான்.

மதுரை ஐயா சொல்வதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் புள்ளிகள் மிகக் குறையும் தருணத்துக்குச் சிறுமம், மிகக் கூடும் தருணத்துக்குப் பெருமம் என்பது சரி. அது வளைகோட்டில் ஒரு தாழ்ந்த புள்ளி. சாமுவேல் ஷ்வாபே என்ற ஜெர்மானிய மருந்தாளுநர் 1826 முதல் பதினேழு ஆண்டுகள், வானம் தெளிந்த நாளெல்லாம் புள்ளிகளை எண்ணிக் கண்டுபிடித்த ஏற்ற இறக்கம் அது. 2019 டிசம்பரில் ஒரு சிறுமம் வந்து போனது; அதிலிருந்துதான் 25ஆம் சுழற்சி தொடங்கியது.

ஆனால் மவுண்டர் காலம் ஒரு புள்ளி அல்ல, எழுபது ஆண்டு நீளம். அதற்குள்ளேயே பல பெருமங்களும் சிறுமங்களும் அடங்கியிருக்கின்றன. 'பெருஞ்சிறுமத்தில் வந்த ஒரு பெருமம்' என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் என்ன செய்வார்? பெருமை, சிறுமை இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கும்போது முரண்பாடும் கூடவே வந்துவிடுகிறது. 'கிராண்ட்' என்பது இங்கே அளவைவிடக் கால நீட்சியைத்தான் குறிக்கிறது. எனவே முன்னொட்டு 'பெரு' அல்ல, 'நெடு' என்பதே பொருந்தும். இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

> ஞாயிற்றின் உறக்கம் என்றால் கவிதையாக இருக்கிறதே!

இருக்கிறது. ஆனால் சூரியன் உறங்கவில்லை. விண்வெளிக் கதிர்களால் உண்டாகி, சூரியனின் செயல்பாட்டை ஒட்டி ஏறி இறங்கும் பெரிலியம்-10 என்ற தனிமவகை பனிப்பாளங்களில் படிந்த அளவுகளைப் பார்த்தால், புள்ளிகளே இல்லாததுபோல் தெரிந்த காலத்திலும் சுழற்சி மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது புரிகிறது. விட்டுவிடலாம்.

அப்புறம் நான் சொன்ன 'நெடுந்தணிவு'. வெயில் தணிந்தது, சூடு தணிந்தது, கோபம் தணிந்தது என்று நம் வாயில் புழங்கும் சொல் என்பதால் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சிறுவர் இதழுக்கான கட்டுரை வரைவில் அதையே எழுதி, பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்போ அந்த எழுபது வருஷமும் சூரியன் ஆறிப்போச்சா மாமா?"

அங்கேதான் தவறு எனக்குப் பிடிபட்டது. தணிவு என்ற சொல் சூரியனுக்கு நேர்ந்ததைச் சொல்லவில்லை, பூமிக்கு நேர்ந்ததாக நாம் நம்புவதைச் சொல்கிறது. லண்டனின் தேம்ஸ் ஆறு உறைந்தது, அதன்மேல் சந்தை கூடியது, ஐரோப்பா நடுங்கியது என்ற கதையை நாமெல்லாம் எங்கேயோ படித்திருக்கிறோம். அந்தக் கதை சொல்லுக்குள் நுழைந்துவிட்டது.

உண்மையில் எவ்வளவு தணிந்தது? பூமி இருக்கும் தொலைவில், சூரியனுக்கு நேர்முகமாகப் பிடித்த ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் 1361 வாட். 1978 முதல் செயற்கைக்கோள்கள் இதை அளந்துவருகின்றன. சுழற்சியின் பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் இடையிலான வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1 வாட்டை ஒட்டி. பூமி உருண்டை என்பதால் அதை நாலாகப் பிரிக்க வேண்டும். திருப்பி அனுப்பப்படும் முப்பது விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். கையில் மிஞ்சுவது சதுர மீட்டருக்கு 0.2 வாட்டுக்கும் குறைவு. இதனால் உலகச் சராசரி வெப்பம் 0.1 டிகிரி அளவுக்கு ஏறி இறங்குகிறது.

இன்னொன்று, கரும்புள்ளி அதிகமானால் சூரியன் மங்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. புள்ளிகளைச் சுற்றித் தோன்றும் ஒளித்திட்டுகள், புள்ளிகள் மறைக்கும் ஒளியைவிட அதிகமாகவே தருகின்றன. 'கரும்புள்ளி' என்ற சொல்லுக்கு நம் மொழியில் கறை, களங்கம் என்ற நிழல் இருப்பதால் மாணவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

மவுண்டர் காலத்தில் மொத்த ஒளி எவ்வளவு குறைந்தது என்பதில் கணிப்புகள் வேறுபட்டாலும், இன்று பெரும்பாலோர் சொல்வது ஒரு விழுக்காட்டின் சிறு பகுதிதான். குளிரும் 1645-இல் தொடங்கியதல்ல. லண்டனில் ஆற்றின் மேல் சந்தை 1608-லேயே கூடியிருக்கிறது. கடைசிச் சந்தை 1814-இல். நெருக்கமான தூண்களோடு தண்ணீரைத் தேக்கிவைத்த பழைய லண்டன் பாலத்தை 1831-இல் இடித்த பிறகு ஆறு அப்படி உறையவே இல்லை. இந்தோனேசியாவில் 1257-இல் சமாலாஸ், 1815-இல் தம்போரா என்று எரிமலைகள் வெடித்து மேல்வளிமண்டலத்தில் பரப்பிய கந்தகத் தூசுக்கும் அந்த நூற்றாண்டுகளின் குளிரில் பெரிய பங்கு உண்டு.

சூரியனுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மொத்த ஒளி அசையாவிட்டாலும் புறஊதாக் கதிர் பல விழுக்காடு ஏறி இறங்குகிறது. அது ஓசோன் அடுக்கைச் சூடாக்குவதும் குறைப்பதும் மேலடுக்குக் காற்றோட்டத்தை மாற்றி, ஐரோப்பாவின் குளிர்காலத்தைக் கடுமையாக்கக்கூடும். இது தீவிரமாக ஆராயப்படும் துறை. அதனால்தான் சொல்கிறேன், கலைச்சொல் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடக் கூடாது. 'தணிவு' எழுதிவிடுகிறது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் நம் ஊர் வரலாறு. 1876-78 தாது வருடப் பஞ்சம் எல்லாருக்கும் தெரியும். சென்னை மாகாணத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்த 1877-இல், வானியலர் நார்மன் லாக்யரும் ஆங்கில ஆட்சி அதிகாரி வில்லியம் ஹன்டரும் கரும்புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்து லண்டன் இதழொன்றில் கட்டுரை எழுதினார்கள். புள்ளி குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழை குறைகிறது என்பது அவர்கள் வாதம். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, போதும் என்று கணக்குப் போட்ட ஆட்சி அது. தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. பஞ்சத்துக்குக் காரணம் சூரியன் என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா? மழை பொய்த்ததன் பின்னால் பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நீனோ, அதுவும் கடுமையானது, இருந்தது பிறகுதான் தெளிவாயிற்று. அந்தத் தேடலிலிருந்து நல்லதும் பிறந்தது. மழைக்கும் சூரியனுக்கும் உள்ள உறவை அறியும் ஆவல்தான் கொடைக்கானல் சூரியக் கண்காணிப்பகம் அமைந்ததற்கான காரணங்களில் ஒன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே எடுக்கப்பட்டுவரும் சூரியப் படங்கள் உலகின் மிக நீண்ட தொகுப்புகளுள் ஒன்று.

இன்றும் அதே கதை வேறு வேடத்தில் வருகிறது. 'அடுத்த மினிமம் வரப்போகிறது, பூமி குளிரப்போகிறது, கரியமில வாயுவைப் பற்றிக் கவலை வேண்டாம்' என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. அப்படியொரு காலம் மறுபடி வந்தாலும் 2100-இல் உலக வெப்பம் 0.3 டிகிரிக்கு மேல் குறையாது என்று ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வாளர்கள் 2010-இல் கணக்கிட்டார்கள். 1750-க்குப் பிறகு மனிதச் செயல்களால் கூடிய ஆற்றல் மிகை, ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி, சதுர மீட்டருக்கு 2.72 வாட். அதே கணக்கில் சூரியனின் பங்கு சுழியை ஒட்டி நிற்கிறது. தமிழில் 'நெடுந்தணிவு' என்று நாமே பெயர் வைத்துவிட்டால் அந்த வாட்ஸப் செய்திக்கு நாமே தலைப்புக் கொடுத்ததாக ஆகிவிடும்.

'மந்தம்' என்ற பரிந்துரை பற்றி ஒரு வரி. பொருள் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் மந்தன் சனிக்கோளின் பெயர், மந்தநிலை பொருளியலுக்குப் போய்விட்டது, வீட்டில் மந்தம் என்றால் குழந்தைக்கு வயிறு சரியில்லை. வேறு ஏதும் அமையாவிட்டால் வைத்துக்கொள்ளலாம்.

சரி, எனக்குத் தோன்றியது என்ன? முதலில் 'தொய்வு' என்று நினைத்தேன். பணியில் தொய்வு என்று நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன. நின்றுபோகவில்லை, வேகம் குறைந்தது என்பதை அது துல்லியமாகச் சொல்கிறது. கயிற்றுக் கட்டில் தொய்வதும் கண்முன் வரும். சூரியனுக்கு அந்தப் படம் உண்மையிலேயே பொருத்தம்: அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, துருவப் பக்கம் பத்து நாள் கூடுதலாகிறது. இந்த வேறுபாட்டில் காந்தப்புலக் கோடுகள் கயிறுபோல் முறுக்கேறி, சில இடங்களில் மேலே பிதுங்குகின்றன. அந்த இடங்களே கரும்புள்ளிகள். முறுக்கு ஏறாத காலத்தைத் தொய்வு என்பதில் என்ன குறை என்று மகிழ்ந்துபோய் மட்டக்களப்பு அக்காவுக்குத் தனிமடல் போட்டேன்.

> தம்பி, எங்கட பக்கம் தொய்வு எண்டால் மூச்சிழுக்கிற வருத்தம். நெடுந்தொய்வு எண்டு வாசிச்சால் எங்கட ஆக்கள் மருந்துக்குத்தான் ஓடுவினம்.

அக்காவுக்கு நன்றி. கடலின் இரு கரையிலும் ஒரே பொருள் தராத சொல்லை நாம் பரிந்துரைக்கக் கூடாது என்பது இந்தக் குழுமத்தின் தொடக்கத்திலேயே பேசி முடிவானது. அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு தேடியபோது கிடைத்ததுதான் 'தளர்வு'.

கட்டுத் தளர்ந்தது, பிடி தளர்ந்தது, நடை தளர்ந்தது. எதிலும் வெப்பம் இல்லை, எதிலும் முழு நிறுத்தம் இல்லை. ஊரடங்குக் காலத்தில் 'தளர்வுகள்' என்று கேட்டுப் பழகியதால், இறுக்கம் குறைவது என்ற பொருள் சிறுவர்களுக்கும் புரியும். வினையாகவும் ஓடுகிறது: 'சூரியன் தளர்ந்திருந்த நூற்றாண்டு'. எதிர்ச்சொல்லுக்கும் கஷ்டமில்லை, 20ஆம் நூற்றாண்டின் நடுவில், 1957-58-இன் மாபெரும் பெருமத்தை ஒட்டிய காலம்போல, பல சுழற்சிகள் தொடர்ந்து வலுத்திருந்தால் 'நெடுமுனைப்பு' எனலாம்.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சூரியனின் காந்தப்புலம் கோள்களைச் சுற்றிப் போட்ட வேலி மாதிரி. வேலி தளர்ந்தால் விண்வெளிக் கதிர்கள் கூடுதலாக உள்ளே வருகின்றன. வளிமண்டலத்தில் மோதிக் கார்பன்-14ஐ உண்டாக்குகின்றன. மரங்கள் அதை உறிஞ்சி ஆண்டு வளையங்களில் சேர்த்துவைக்கின்றன. தொலைநோக்கி வருவதற்கு முந்தைய காலங்களை நாம் அறிந்தது இப்படித்தான். வேலி தளர்ந்த கணக்கு மரத்துக்குள் இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு நெடுந்தளர்வும் புரியும், அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் புரியும்.

சொல்லிப் பார்த்தேன். புரிந்தது. "அப்போ குளிருக்குக் காரணம் சூரியனா, எரிமலையா?" என்று அடுத்த கேள்வி வந்தது. சொல் கேள்வியை மூடாமல் திறந்துவைத்திருக்கிறது. எனக்கு அது போதும்.

சொற்பட்டியலில் சேர்க்க என் வரைவு:

நெடுந்தளர்வு: சூரியனின் காந்தச் செயல்பாடு பல சுழற்சிகளுக்குத் தொடர்ந்து வலுக்குன்றியிருக்கும் காலம். எ-டு: மவுண்டர் நெடுந்தளர்வு (1645-1715). 11 ஆண்டுச் சுழற்சியின் சிறுமத்திலிருந்து வேறானது.

விளக்கத்தில் குளிர் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லும் தீர்க்க வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன குளிர்ந்த நூற்றாண்டுகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் லிட்டில் ஐஸ் ஏஜ் என்பதைச் சிலர் 'குறும்பனியுகம்' என்று எழுதுகிறார்கள். பனியுகம் என்றால் கண்டங்களைப் பனிப்பாளம் மூடியது. இங்கே உலகச் சராசரி ஒரு டிகிரிகூடக் குறையவில்லை, மலைப் பனியாறுகள் கீழே இறங்கின, சில நாடுகளில் விளைச்சல் கெட்டது. நான் 'குளிர் நூற்றாண்டுகள்' என்று எழுதிவருகிறேன். அது பெயராக நிற்குமா, வெறும் விளக்கமாகத்தான் தெரிகிறதா? யாழ்ப்பாணப் பக்கத்துப் புவியியல் நூல்களில் வேறு சொல் இருந்தால், அக்கா, பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து