ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு ஊர் மாறினோம்: பள்ளி தேடிய அனுபவம்

பணி மாற்றம் வந்துவிட்டது, ஆட்டிசம் உள்ள மகளுக்குப் புது ஊரில் பள்ளியை எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தீர்கள் சகோதரி. நாங்களும் இதே நிலையில் இருந்தவர்கள்தான். ஊர் மாறியபோது என் மகனுக்கு ஏழு வயது. பேச்சு மிகக் குறைவு. பட அட்டைகளையும் டேப்லெட்டில் இருக்கும் பேச்சுச் செயலியையும் வைத்துத்தான் தனக்கு வேண்டியதைச் சொல்வான். அதனால் நான் எழுதுவதில் சில உங்கள் மகளுக்குப் பொருந்தாமல் போகலாம். பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பள்ளியை முடிவு செய்யுங்கள். நிறைய இடங்களில் நாம் எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறோம் என்பதை வைத்துத்தான் அரசுப் பள்ளியில் இடம் தருவார்கள், சிறப்புக் கல்வி உதவியும் அதோடு சேர்ந்தே வரும். அப்படி விதி இல்லாத ஊரிலும் தூரம் முக்கியம். சத்தமும் நெரிசலும் தாங்காத பிள்ளை ஒரு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து போனால், வகுப்புக்குள் நுழையும்போதே அன்றைய தெம்பு தீர்ந்துவிடும்.

பழைய பள்ளியை விட்டுக் கிளம்பும் முன் அசெஸ்மென்ட் ரிப்போர்ட், ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) ரிப்போர்ட்டுகள், தனிநபர் கல்வித் திட்டம் என எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வீர்கள், அது தெரிந்ததுதான். எங்களுக்கு அவற்றைவிட அதிகம் உதவியது, பழைய வகுப்பாசிரியர் கைப்பட எழுதிக் கொடுத்த ஒரே ஒரு பக்கம். "காதைப் பொத்தினால் உடனே வெளியே அழைத்துப் போங்கள், அதற்கு மேல் தாங்க மாட்டான்." "ஒரு வேலையை நிறுத்தச் சொல்லும் முன் அடுத்து என்ன என்பதைப் படத்தில் காட்டுங்கள்." "சிரிப்பதெல்லாம் சந்தோஷத்தால் அல்ல, பயத்திலும் சிரிப்பான்." எந்த ரிப்போர்ட்டிலும் இவை இல்லை. வகுப்பில் அவன் அமைதியாக வேலை செய்யும் சிறு வீடியோ ஒன்றையும் கேட்டு வாங்கினேன். புது இடத்துக்குப் போனதும் பிள்ளை மிரண்டிருப்பான், அப்போது அவனைப் பார்ப்பவர்கள் அவன் திறனே அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த வீடியோ அதைத் தடுத்தது.

இனி பள்ளிகளைப் பார்த்த கதை. முதலில் போன இடத்தில் எங்கள் ரிப்போர்ட்டைப் புரட்டக்கூட இல்லை. "அடிப்பானா? வகுப்பில் கத்துவானா?" இரண்டே கேள்விகள். அப்புறம், அம்மா நாள் முழுக்க வகுப்பில் உட்கார வேண்டும், இல்லையென்றால் சொந்தச் செலவில் ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் பிள்ளையின் கூடவே இருந்து உதவும் ஆசிரியர், வைக்க வேண்டும் என்றார்கள். கோபத்தை அடக்கிக்கொண்டு வந்தோம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பொதுக் கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்று அதன் 24ஆவது பிரிவு சொல்கிறது. பெரும்பாலான நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. போகும் ஊரில் இதற்கென என்ன சட்டம் இருக்கிறது, பள்ளி மறுத்தால் யாரிடம் முறையிடலாம் என்று முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். தெரிந்துகொண்டு பேசும் பெற்றோரிடம் பள்ளிகள் பேசும் தொனியே வேறு.

அடுத்த பள்ளியில் வசதிக்குக் குறைவில்லை. ஊஞ்சல், மென்மையான பாய்கள், மங்கலான விளக்கு என்று, பிள்ளைகள் பதற்றம் தணிந்து அமைதியாவதற்கான சென்சரி அறை அழகாக இருந்தது. ஆனால் அது பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று தேடித்தான் திறந்தார்கள். வகுப்பில் பட அட்டைகள் இருந்தன, ஆனால் ஆசிரியர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில். அவர் இரண்டு அட்டைகளைத் தூக்கிக் காட்டி "என்ன வேண்டும்?" என்று கேட்க, குழந்தை தொட்டுக் காட்டியது. படத்தைக் கொடுத்துப் பேசும் முறையை உளவியலாளர் ஆண்டி பாண்டியும் பேச்சுப் பயிற்சி நிபுணர் லோரி ஃப்ராஸ்டும் 1985இல் உருவாக்கினார்கள். அதன் முதல் கட்டத்தில் பெரியவர் எதுவும் கேட்கக் கூடாது, பிள்ளையே தானாக அட்டையை எடுத்து வந்து கையில் கொடுக்க வேண்டும். நாம் கேட்டால்தான் சொல்வது என்று பழகிவிட்டால், வலி வந்தால்கூட யாராவது கேட்கும்வரை பிள்ளை காத்திருக்கும். இதை நினைத்துத்தான் அந்தப் பள்ளி வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

கடைசியில் நாங்கள் சேர்த்த பள்ளி பழைய கட்டடம், தனி சென்சரி அறை எதுவும் இல்லை. அங்கிருந்த ஸ்பெஷல் எஜுகேட்டர் (சிறப்புக் கல்வி ஆசிரியர்) என்னிடம் பேசும் முன் மகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவனைத் தன்னைப் பார்க்கச் சொல்லவில்லை. அவன் கார்களை வரிசையாக அடுக்க, அவரும் பக்கத்தில் ஒரு வரிசை அடுக்கினார். பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வேண்டாம் என்பதை இவன் எப்படிச் சொல்வான்?" இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. கையைத் தட்டிவிடுவான், அதைக் கவனிக்காவிட்டால் கடிப்பான் என்றேன். "அப்படியென்றால் முதலில் வேண்டாம் அட்டையைக் கற்றுக் கொடுப்போம், அதைக் காட்டினால் நாங்களும் மதிப்போம்" என்றார். கழிவறைக்கு யார் கூட்டிப் போவார்கள், மணிச் சத்தத்தை எப்படித் தாங்குகிறான், எந்த மூலையில் உட்கார வைத்தால் நல்லது என்றெல்லாம் அவரே கேட்டுக்கொண்டு போனார்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது நாம் கேட்கும் கேள்விகளைவிட, அவர்கள் நம் பிள்ளையைப் பற்றி என்ன கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அப்புறம் இடைவேளை நேரத்தில் அங்கே இருக்க அனுமதி கேளுங்கள். பாட நேரத்தில் எல்லாப் பள்ளியும் நன்றாகத்தான் இருக்கும். கட்டமைப்பு இல்லாத, சத்தம் மிகுந்த அந்த நேரத்தில்தான் நம் பிள்ளைகள் தவித்துப் போவார்கள். மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் பிள்ளை கட்டுப்பாடு இழந்து அழுது கத்தும் நிலை, வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் "சமாளிப்போம்" என்ற பதில் போதாது. பிடித்து அழுத்துவார்களா, தனி அறையில் அடைப்பார்களா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். ஸ்பெஷல் எஜுகேட்டர் விடுப்பில் போனால் யார் பொறுப்பு என்றும் கேளுங்கள்.

சேர்ப்பதற்கு முன் பள்ளி வாசல், வகுப்பறை, கழிவறை, ஆசிரியர் முகம் என்று போட்டோ எடுத்து ஒரு சின்னப் புத்தகமாக்கி தினமும் இரவு காட்டினோம். விடுமுறை நாளில் காலி வகுப்பறைக்குக் கூட்டிப் போனோம். ஆரம்பத்தில் அரை நாள் மட்டும் போனான். இத்தனைக்குப் பிறகும் தூக்கம் கெட்டது, விட்டுப் போயிருந்த படுக்கை நனைப்பது திரும்பி வந்தது. ஊர் மாறும்போது இப்படிப் பின்னடைவு வரும். பயந்துவிடாதீர்கள். கற்றது அழியவில்லை, பதற்றம் அடங்க அடங்கத் திரும்பும். எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின.

கல்வித் திட்டம் எழுதும் கூட்டத்தில் "பேச்சுத் திறன் மேம்படும்" போன்ற பொத்தாம் பொதுவான வரிகளை ஏற்காதீர்கள். "பசித்தால் தானாகச் செயலியில் கேட்பான், ஐந்து சந்தர்ப்பத்தில் நான்கு முறை" என்று எழுதினால்தான் நடந்ததா இல்லையா என்று பிறகு கேட்க முடியும். செயலியைக் கொடுத்தால் பேச்சு வராது என்று யாராவது சொன்னால் அசைந்து கொடுக்காதீர்கள். அது பேச்சைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது.

உங்கள் மகளின் வயது என்ன, இப்போது எப்படித் தன் தேவையைச் சொல்கிறாள் என்று எழுதுங்கள். பழைய ஆசிரியரிடம் கேட்டு வாங்க வேண்டிய அந்த ஒரு பக்கத்தில் என்னென்ன இருந்தால் நல்லது என்று அதற்கேற்ப எழுதி அனுப்புகிறேன்.