பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்? இறங்கிப் பார்க்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

கேள்வி (தங்கச்சிமடம்)

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து, நேற்று ராமநாதபுரத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். வண்டி என் மைத்துனருடையது. நான் ஓட்டிப் பழகாதது. வழியில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டதால் ஒரு பங்கில் நுழைந்தேன். மெஷின் எனக்கு வலப்பக்கம் வரும்படி நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, மூடி இடப்பக்கம் இருக்கிறது. பின்னால் மீன் பெட்டி ஏற்றிய வண்டிகள் நான்கு நெருங்கி நின்றதால் பின்னுக்கு எடுக்க வழியில்லை. முன்னால் போய் வளைந்து மறுபடி வரிசையின் கடைசிக்கு வந்தேன். ஆடிக் காற்று மணலை அள்ளி வீசுகிறது. அம்மா கட்டுப் போட்ட கண்ணை முந்தானையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை.

முள்ளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பங்க் படம் இருக்கிறது. அதில் குழாய் வலப்பக்கம் தொங்குகிறது. அதை நம்பித்தான் வலப்பக்கம் நிறுத்தினேன். அது தவறா? அடுத்த வாரம் இதே வண்டியில் உறவினர்களைத் தனுஷ்கோடிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

பதில் (தொண்டி)

புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் மூடி இருக்கும். எங்கள் வண்டியில் அப்படித்தான்.

பதில் (உச்சிப்புளி)

தொண்டி நண்பர் சொல்வது பல வண்டிகளுக்குப் பொருந்தலாம், எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இரண்டும் ஒரே பக்கம் உள்ள கார்களுக்கு நான் வேலை செய்திருக்கிறேன். மேலும் புகைக்குழாயைப் பார்க்கவும் இறங்கத்தானே வேண்டும்?

தம்பி, அந்தப் படத்தில் குழாய் தொங்கும் பக்கத்தை ஒருபோதும் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரே படத்தையே பல மாடல்களுக்கும் போட்டுவிடுகிறார்கள். மூடி எந்தப் பக்கம் என்று சொல்வது குழாய் அல்ல, அம்புக்குறி. படத்துக்கு ஒட்டினாற்போல் அரிசி அளவில் ஒரு முக்கோணம் இருக்கும். அதன் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, மூடி அந்தப் பக்கம். மூடியைத் திறக்கும் நெம்புகோலையும் நம்ப வேண்டாம். அது ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அங்கிருந்து கம்பி எந்தப் பக்கமும் போகலாம்.

கேள்வி கேட்டவர்

அண்ணா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். அம்புக்குறி எதுவும் தெரியவில்லை. மீட்டர் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது.

பதில் (உச்சிப்புளி)

சாவியைத் திருப்பினீர்களா? சில வண்டிகளில் மீட்டருக்குப் பின்னால் விளக்கு எரிந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். இன்ஜினை இயக்க வேண்டியதில்லை. சாவியை ‘ஆன்’ வரை திருப்பினால் போதும். வெயில் நேராக மீட்டரில் விழுந்தால் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.

பதில் (கீழக்கரை)

இந்த அம்புக்குறிக்கு ஒரு கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் சொல்கிறேன். ஃபோர்டு நிறுவனத்தில் ஜிம் மாய்லன் என்று ஒரு பணியாளர். 1986-இல் ஒரு மழைநாளில் நிறுவனத்தின் காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் போடப் போனவர், தவறான பக்கத்தில் நிறுத்திவிட்டு நனைந்துபோனார். திரும்பி வந்ததும், முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு குறி இருந்தால் யாருக்கும் இந்தத் தொல்லை இராது என்று மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தார். 1989 மாடல் கார்களில் அது வந்துவிட்டது. பிறகு மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் அதை அவர் பெயராலேயே ‘மாய்லன் அம்பு’ என்கிறார்கள். நேற்று உங்களுக்கு நேர்ந்ததுதான் அன்று அவருக்கும் நேர்ந்தது. அங்கே மழை, இங்கே மணல்.

கேள்வி கேட்டவர்

கிடைத்துவிட்டது! சாவியைத் திருப்பியதும் பங்க் படத்துக்கு இடப்பக்கம் ஒரு வெள்ளை முக்கோணம் தெரிந்தது. முனை இடப்பக்கம். படத்தில் குழாய் இப்போதும் வலப்பக்கம்தான் தொங்குகிறது. இத்தனை நாளும் அந்த முக்கோணத்தைப் படத்தின் ஒரு பகுதி என்றே நினைத்திருக்கிறேன். உச்சிப்புளி அண்ணனுக்கு மிக்க நன்றி. என் மாமாவிடம் இன்னும் பழைய கார் ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பிப் பார்த்தும் அதில் இந்தக் குறியே இல்லை. அதற்கு என்ன செய்வது?

பதில் (தேவிபட்டினம்)

நான் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறேன். வாரத்துக்கு நான்கு வண்டி மாறும். குறி இல்லாத வண்டியை முதல் முறை எடுக்கும்போதே ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிடுவேன். பார்த்த கையோடு சிவப்பு இன்சுலேஷன் டேப்பில் நகக்கண் அளவு கிள்ளி, மூடி உள்ள பக்கமாக மீட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுவேன். முள்ளை மறைக்காமல் ஒட்ட வேண்டும். வரிசையில் நிற்கும்போதே தெரியவேண்டுமானால் பக்கக் கண்ணாடியை உள்பக்கமாகவும் கீழாகவும் திருப்புங்கள். மூடியின் விளிம்புக் கோடு பல கார்களில் கண்ணாடியில் தெரியும். மறக்காமல் கண்ணாடியைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டுத்தான் சாலையில் ஏற வேண்டும்.

பதில் (பாம்பன்)

பக்கம் தெரிந்தால் மட்டும் போதாது, திறக்கவும் வேண்டும். நம் கடற்கரை உப்புக் காற்றில் மூடியின் கீல் பிடித்துக்கொள்ளும். சென்ற மாதம் எங்கள் வண்டியில் நெம்புகோலை இழுத்தால் ‘டக்’ என்று சத்தம் மட்டும் வந்தது, மூடி எழும்பவில்லை. ஒருவர் நெம்புகோலை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் வெளியே மூடியை உள்ளங்கையால் அழுத்தி விட்டதும் திறந்துகொண்டது. உள்ளே கீலில் செம்பொடியாகத் துரு. துணியால் துடைத்து, இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டேன். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயிண்ட் உரிந்து, அந்த இடத்தில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

தனுஷ்கோடிக்குப் போகிறவர் ராமேசுவரம் ஊருக்குள்ளேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் அரிச்சல்முனை வரை இரு பக்கமும் கடலும் மணலும்தான், பங்க் கிடையாது. போன தூரம் திரும்பி வரவும் வேண்டும்.

கேள்வி கேட்டவர்

புறப்படும் காலையில் ஊருக்குள்ளேயே நிரப்பிவிடுகிறேன், அண்ணா. மாமாவின் காருக்கு டேப் ஒட்டியாகிவிட்டது. அதில் மூடி வலப்பக்கம்.