ப்ளூ டிரெய்ன்: பழைய வான் கெல்டர் வெட்டா, புது டோன் போயட்டா?

நீலத்தடம்
ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் ப்ளூ நோட் கம்பெனிக்குப் பதிவு செய்த ‘ப்ளூ டிரெய்ன்’ எல்பி வாங்க வேண்டும். கைக்கு எட்டுகிற மாதிரி மூன்று இருக்கின்றன. ஒன்று, 2022-ல் ப்ளூ நோட்டின் டோன் போயட் மறுபதிப்பு வரிசையில் வந்த ஒற்றைத் தட்டு மோனோ. இரண்டு, அதே வருடம் அதே வரிசையில் மாற்று டேக்குகளோடு (அதே பாட்டுகளை வேறு தடவை வாசித்த பதிவுகள்) வந்த இரட்டைத் தட்டு ஸ்டீரியோ. மூன்று, ப்ளூ நோட்டை லிபர்ட்டி கம்பெனி வாங்கிய காலத்து மோனோ பிரதி. உறை கிழிசல், தட்டு சுமார், ஆனால் ‘வான் கெல்டர்’ முத்திரை இருக்கிறது என்கிறார் விற்பவர். எது எடுக்கலாம்? “உங்க காதுக்கு எது பிடிக்குதோ அது” என்ற பதில் மட்டும் வேண்டாம்.

பழந்தட்டு
மூன்றாவதுதான். 1957 செப்டம்பர் 15, நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக், ரூடி வான் கெல்டரின் பெற்றோர் வீட்டு வரவேற்பறை. மைக் வைத்தவர் பதிவுப் பொறியாளரான அவர்தான். தட்டு அடிக்க மூலமாகிற லாக்கர் தகட்டில் தடம் வெட்டியவரும் அவரே. ப்ளூ நோட்டை நடத்திய ஆல்ஃப்ரெட் லயன் கேட்டுச் சரி என்று சொல்லி வெளியே போனது அந்த ஒலிதான். லீ மார்கனின் ட்ரம்பெட் முகத்துக்கு நேரே வந்து நிற்பதும், டிரம்ஸில் பிலி ஜோ ஜோன்ஸின் ஸ்நேர் அடி சுள்ளென்று விழுவதும் அந்த வெட்டில்தான். லிபர்ட்டி 60-களின் நடுவில் ப்ளூ நோட்டை வாங்கிய பிறகும் பழைய உலோக அச்சுகளை வைத்தே பல தட்டுகளை அடித்தார்கள். அதனால் லேபிள் மாறினாலும் வெட்டு அதேதான். முதல் பதிப்புக்குக் கேட்கிற விலையில் சின்னப் பங்குக்கு அதே ஒலி கிடைக்கிறது. விடுவானேன்?

நாடாமூலம்
பழந்தட்டு அண்ணே, பதிவு செய்தவரும் வெட்டியவரும் ஒரே ஆள் என்பது வாஸ்தவம். ஆனால் அவர் எதற்காக வெட்டினார் என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பிளேயரில் ஊசி தாவக் கூடாது, தட்டு திரும்பி வரக் கூடாது. அதற்காக அடித்தளத்து பாஸைக் குறைத்தார், நடுப்பகுதியைத் தூக்கினார், உச்சங்களை அமுக்கினார். நீங்கள் சொல்லும் “முகத்துக்கு நேரே” என்பதில் பாதி இந்தச் சமையல்தான். மாஸ்டர் டேப்பில் பால் சேம்பர்ஸின் பாஸ் இன்னும் கீழே இறங்குகிறது. மாஸ்டரிங் பொறியாளர் கெவின் கிரே வெட்டிய டோன் போயட்டில் சேம்பர்ஸ் வில் போட்டு வாசிக்கிற இடத்தைக் கேளுங்கள், கம்பியின் சுரசுரப்பு தனியாகத் தெரியும். பழைய வெட்டில் அது ஒரு முனகல், அவ்வளவுதான்.

இன்னொன்று. வான் கெல்டருக்கே எல்பி மேல் பெரிய காதல் கிடையாது. ஒலியைக் கெடுப்பதே தட்டுதான் என்று வெளிப்படையாகச் சொன்னவர். டிஜிட்டல் வந்ததும் நிம்மதியாக அந்தப் பக்கம் போய்விட்டார்.

பழந்தட்டு
அப்படிப் போய் அவர் 1999 முதல் தன் பெயரின் முதலெழுத்துகளில் போட்ட ஆர்விஜி எடிஷன் சிடிகளைக் கேட்டீர்களா தம்பி? ஸ்டீரியோவை நடுவுக்கு இழுத்து, சத்தத்தை ஏற்றி வைத்தார். “அவரே செய்தார்” என்பதை நான் சொன்னால் தப்பு, நீங்கள் சொன்னால் சரியா?

நாடாமூலம்
இரண்டுமே தப்பு என்றுதான் சொல்கிறேன். யார் செய்தார் என்பது சான்று ஆகாது. டேப்பில் என்ன இருக்கிறது, தட்டில் எவ்வளவு வந்து சேர்ந்தது, அதுதான் கேள்வி.

ஊசிமுனை
கேட்டவருக்கு மோனோ, ஸ்டீரியோ பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இந்த ஆல்பத்தில் அது முக்கியம்.

வான் கெல்டர் 1957-ல்தான் ப்ளூ நோட்டுக்கு ஸ்டீரியோவும் எடுக்க ஆரம்பித்தார். அப்போது இரண்டு இயந்திரம் ஓடும். ஒன்றில் முழு மோனோ, இன்னொன்றில் இருதடம். 1958 அக்டோபர் கடைசியில் தனி மோனோ இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். ஆர்ட் பிளேக்கியின் ‘மோனின்’ அக்டோபர் 30-ல் பதிவானது, எல்லைக்கோடு அந்தச் சமயம்தான். அதற்குப் பிறகு பதிவானவற்றின் மோனோ எல்பி எல்லாம் இருதட டேப்பின் இடத்தையும் வலத்தையும் சரிபாதி சேர்த்து வெட்டியவை.

ஆகவே ‘ப்ளூ டிரெய்ன்’, ‘கூல் ஸ்ட்ரட்டின்’, ‘சம்திங் எல்ஸ்’ என்று அந்த எல்லைக்கு முன் பதிவான மூன்று ஆல்பத்துக்கும் மோனோ டேப் என்பது தனிப் பொருள். ஹாங்க் மோப்ளியின் ‘சோல் ஸ்டேஷன்’ 1960. அதற்கு மோனோவைத் தேடி அலைய வேண்டாம். ஸ்டீரியோ மறுபதிப்பை வாங்கி ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினால் கிட்டத்தட்ட அதே கலவை வந்துவிடும்.

ஹாக்கென்சாக் காலத்தில் ஸ்டீரியோ ஓடினாலும் கேட்டு முடிவு செய்தது மோனோவில்தான். அதனால்தான் ஊதுகருவிகள் பெரும்பாலும் ஒரு பக்கம், டிரம்ஸ் எதிர்ப்பக்கம் என்று அறுத்து வைத்த மாதிரி இருக்கும். ஸ்பீக்கரில் அறை கொஞ்சம் கலந்து கொடுக்கும். ஹெட்போனில் கேட்டால் ஒரு காதில் மூன்று பேர் ஊதுவார்கள், மறு காதில் சிம்பல். பாவம் அந்தக் காது.

பழந்தட்டு
‘சோல் ஸ்டேஷன்’ விஷயத்தில் ஒரு திருத்தம், ஊசிமுனை அம்மா. கூட்டல் ஒன்றுதான், வெட்டு ஒன்றல்ல. மோனோவில் ஊசி பக்கவாட்டில் மட்டும் அசைகிறது. மேலும் கீழும் போகிற அசைவு இல்லாததால் லாக்கரில் சத்தத்தை இன்னும் ஏற்றி வெட்டலாம். வான் கெல்டர் ஏற்றினார். ஸ்டீரியோ தட்டில் பொத்தானை அழுத்தினால் அந்த முறுக்கு வராது.

ஊசிமுனை
ஒப்புக்கொள்கிறேன், அதனால்தான் “கிட்டத்தட்ட” என்றேன். ஆனால் அந்த முறுக்குக்கு எவ்வளவு கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது வேறு கணக்கு.

அரைக்காசு
எல்லாம் சரி. தூய அனலாக் என்று சொல்கிறவர்கள் காதை நம்பலாமா? மறுபதிப்புத் தட்டு போடும் மொபைல் ஃபிடிலிட்டி கம்பெனி தன் தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு நடுவே டிஎஸ்டி என்ற டிஜிட்டல் படி இருப்பதை 2022-ல் ஒப்புக்கொண்டது. அதுவரை அந்தத் தட்டுகளைத்தான் அனலாக்கின் சிகரம் என்று தலையில் தூக்கி ஆடினார்கள். ஒருத்தர் காதிலும் அது பிடிபடவில்லையே.

நாடாமூலம்
அதனால் தெரிவது, நல்ல டிஜிட்டல் படி ஒலியைக் கெடுக்காது என்பதுதான். மறைத்ததுதான் அங்கே குற்றம். டோன் போயட் நேர் அனலாக் டேப்பிலிருந்து வெட்டுவது, தயாரிப்பு ஜோ ஹார்லி, தட்டு அடிப்பது கலிஃபோர்னியாவில் ஆர்டிஐ ஆலை. இதே கெவின் கிரே வெட்டி, ஜெர்மனியில் ஆப்டிமல் அடிக்கும் கிளாசிக் வைனல் வரிசை விலை குறைவு. ‘மோனின்’, ‘சம்திங் எல்ஸ்’ போன்றவை அதில் கிடைக்கின்றன. கெட்டி மடிப்பு உறை இருக்காது, ஒலியில் குறை சொல்ல முடியாது.

டேப் புனிதம் பேசுகிறவர்களுக்கு, என்னையும் சேர்த்துத்தான், ஒரு செய்தி. ‘ப்ளூ டிரெய்ன்’ முதல் பாட்டின் மாஸ்டரே ஒட்டுப்போட்டது. கென்னி ட்ரூவின் தனிப் பியானோ வாசிப்பு வேறொரு டேக்கிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது.

பழந்தட்டு
அரைக்காசு கேட்டதும் நியாயம். ஆனால் இங்கே பேச்சு மூன்றாவது பிரதி பற்றி. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்.

பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் வருகிற வெற்று வளையத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும். ‘ஆர்விஜி’ அல்லது ‘வான் கெல்டர்’ என்று அச்சுக் குத்து இருக்க வேண்டும். காது மாதிரி ஒரு கிறுக்கல் இருந்தால் அது பிளாஸ்டிலைட் ஆலையின் குறி. அந்த ஆலை ப்ளூ நோட்டுக்கு அடித்தது 1966 வரைதான். லேபிளில் ‘நியூயார்க் யுஎஸ்ஏ’ என்று போட்டு, காது இல்லாவிட்டால், மிச்சமிருந்த பழைய லேபிளை ஒட்டி லிபர்ட்டி அடித்தது. லேபிளில் வட்டமாக ஆழமான பள்ளம் இருப்பதை வைத்து மட்டும் முதல் பதிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பழைய அச்சு கிடைத்தபோதெல்லாம் பின்னாலும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

உறையில் ‘எலெக்ட்ரானிக் முறையில் ஸ்டீரியோவாக மாற்றியது’ என்ற வாசகம் இருந்தால் ஓடிவிடுங்கள். மோனோவை அலசிப் பிழிந்து இரண்டாகப் பிரித்து வைத்த பழைய சித்திரவதை அது.

ஊசிமுனை
தேய்மானத்தைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். தட்டு பளபளவென்று இருக்கும், போட்டால் கரகரக்கும். அந்தக் காலத்துக் கனமான ஊசிகள் தடத்தின் சுவரை அரைத்திருக்கும். கண்ணுக்குத் தெரிவது கீறல்தான், தேய்மானம் தெரியாது.

எங்கே சோதிப்பது? இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘லேசி பேர்ட்’. 33⅓ வேகத்தில் தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்கு ஏறக்குறைய 51 செ.மீ. தடம் ஓடுகிறது. லேபிள் அருகே அது 21 செ.மீ.தான். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அந்தப் பக்கம் கிட்டத்தட்ட 22 நிமிடம், அதனால் பாட்டு உள்ளே போய் முடிகிறது. போதாக்குறைக்கு ‘லேசி பேர்ட்’ மெட்டை எடுப்பது மார்கனின் ட்ரம்பெட். தேய்ந்த பிரதியில் அந்த உச்சங்கள் காகிதம் கிழிகிற மாதிரி கேட்கும். கடைசி ஒரு நிமிடத்தை ரெக்கார்ட் செய்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் பாட்டின் தொடக்கத்தை அனுப்பினால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது எந்தப் பிரதியிலும் நன்றாகத்தான் இருக்கும்.

பழைய மோனோவை ஸ்டீரியோ காட்ரிட்ஜில் (ஊசி பொருந்திய தலை) போடுவதானால் மோனோ பொத்தான் கட்டாயம். தூசியும் கீறலும் தருகிற இரைச்சலில் மேல்-கீழ் அசைவாக வருவது கூட்டும்போது அடிபட்டுப் போகும். பொத்தான் இல்லாவிட்டால் இரண்டு ஒய் கேபிளால் இடத்தையும் வலத்தையும் சேர்த்து மறுபடி பிரிக்கலாம். அதை டர்ன்டேபிளுக்கும், ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்குகிற போனோ பெட்டிக்கும் நடுவே போடுங்கள். போனோவுக்குப் பின்னால் போட்டால் இரண்டு வெளியீடும் ஒன்றையொன்று இழுக்கும். தனி மோனோ காட்ரிட்ஜ்தான் வேண்டும் என்றால் டெனான் டிஎல்-102 இருக்கிறது. ஊசி அழுத்தம் 3 கிராம், ஊசி மேல்-கீழும் வளைந்து கொடுக்கும் என்பதால் ஸ்டீரியோ தட்டைக் கெடுக்காது.

அரைக்காசு
180 கிராம் தட்டு தடிமன் என்று ஊசியைத் தாங்குகிற ஆர்மின் உயரத்தை ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டுமா?

ஊசிமுனை
வேண்டாம். 9 அங்குல ஆர்மில் கோணம் ஒரு டிகிரி மாற, பின்பக்கத்தை 4 மி.மீ. தூக்க வேண்டும். தட்டுகளின் தடிமன் வித்தியாசம் அரை மி.மீ. சுற்றித்தான். எட்டில் ஒரு டிகிரிக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

பழந்தட்டு
புதுத் தட்டின் வண்டவாளத்தையும் யாராவது சொல்லுங்களேன்.

நாடாமூலம்
சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அடிக்கிற ஆலை எவ்வளவு நல்லதானாலும் மூன்று கோளாறு வரும். ஒன்று, வைனல் தடத்துக்குள் முழுதாகப் பாயாமல் விடுவது. சூடோ அழுத்தமோ நேரமோ போதாவிட்டால் இப்படி ஆகும். வெளிச்சத்தில் சாய்த்தால் தையல் போட்ட மாதிரி மினுக்கும், ஓட்டினால் ஜிப் இழுக்கிற சத்தம். கழுவினால் போகாது, திருப்பி அனுப்புங்கள். இரண்டு, துளை மையம் தப்பியிருப்பது. ஆர்ம் இடவலமாக ஆடுவது கண்ணுக்கே தெரியும், பியானோவின் நீண்ட சுரம் தள்ளாடும். மூன்று, வளைவு. நீலத்தடம், எதை வாங்கினாலும் பார்சலைப் பிரித்த அன்றே முழுதாக ஓட்டிப் பாருங்கள், திருப்பும் கெடு தாண்டிவிட்டால் பேச்சில்லை.

நீலத்தடம்
விற்பவர் படம் அனுப்பிவிட்டார். ‘நியூயார்க் யுஎஸ்ஏ’ லேபிள், காது இல்லை. முதல் பக்கத்தில் ‘வான் கெல்டர்’ குத்து தெளிவாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் எண் மட்டும் கையால் எழுதியிருக்கிறது, முத்திரை இல்லை.

நாடாமூலம்
‘லேசி பேர்ட்’ இருக்கிற பக்கம்.

ஊசிமுனை
அப்படியானால் அந்தப் பக்கத்தை வேறு யாரோ புதிதாக வெட்டியிருக்கிறார்கள்.

பழந்தட்டு
விட்டுவிடுங்கள் நீலத்தடம். பாதி வான் கெல்டருக்கு முழு விலை கொடுக்க வேண்டாம். இப்போதைக்கு டோன் போயட் மோனோவை எடுங்கள், இரட்டைத் தட்டு மாற்று டேக் பிரியர்களுக்கு. இரண்டு பக்கமும் குத்து உள்ள பிரதி கண்ணில் பட்டால் இங்கே வந்து சொல்லுங்கள். நாடாமூலம் தம்பி, நான் கட்சி மாறிவிட்டேன் என்று எங்கேயும் எழுதி வைக்காதீர்கள்.