"கொஞ்சம் சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போங்க": அரை நாள் பள்ளியில் எங்கள் அனுபவங்கள்

சாரல்

என் பையனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் இருக்கிறது. பேச்சு குறைவு, ஆனால் சொல்வதெல்லாம் புரியும். இரண்டாம் வகுப்பு தொடங்கிய மூன்றாவது வாரம் பள்ளியிலிருந்து முதல் போன் வந்தது. "இன்னைக்கு ஒரே அழுகை, கொஞ்சம் சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" பதறிக்கொண்டு ஓடினேன். மறு வாரம் இரண்டு போன். அதற்கு அடுத்த வாரம் போன் வரவே இல்லை. "இனிமே தினமும் ஒன்றரைக்கே வந்துடுங்க, அவனுக்கும் அதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டார்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை பள்ளி.

யாரும் முகம் சுளிக்கவில்லை. அன்பாகத்தான் சொன்னார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். கடிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது, எத்தனை நாளைக்கு என்ற பேச்சே கிடையாது. வருகைப் பதிவேட்டில் மட்டும் அவன் முழு நாளும் இருந்ததாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. நான் முதலில் பகுதி நேர வேலைக்கு மாறினேன், பிறகு வேலையையே விட்டேன்.

ஒரு நாள் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். வகுப்புக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஷூ மாட்டி, பையை முதுகில் போட்டு, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு. உள்ளே பாட்டு நேரம். எல்லாப் பிள்ளைகளும் கையை ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். இவனும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தபடி அதே அசைவுகளைச் செய்துகொண்டிருந்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. "நீங்க வந்து காத்திருக்க வேணாமேன்னு ஒரு மணிக்கே ரெடி பண்ணிடுவோம்" என்றார் உதவியாளர்.

அன்று இரவு காலண்டரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் நான்கு வாரத்தில் 30 மணி நேரம். ஆறு மணி நேரப் பள்ளியில் அது ஐந்து முழு நாட்கள். அந்தப் பெஞ்சில் போன அரை மணி நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

உங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

கரும்பலகை

நான் சிறப்பாசிரியர், பதினான்கு வருடமாக. அந்தப் பெஞ்சில் நானே பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறேன். அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

பாதிக்குப் பாதி பிள்ளையால் வருகிற சிக்கலே இல்லை. உதவியாளரின் வேலை நேரம் ஒரு மணியோடு முடியும், அதனால் பிள்ளையின் நாளும் ஒரு மணியோடு முடியும். எங்கள் பள்ளியில் சிறப்பு வகுப்புக்கான வண்டி மற்ற வண்டிகளுக்கு முன்பே கிளம்பிவிடும். ஏறி உட்கார நேரம் ஆகும் என்று பிள்ளைகளை அதற்கும் இருபது நிமிடம் முன்னால் வகுப்பிலிருந்து எழுப்புவோம். வருடம் முழுக்க இப்படித்தான். யாரும் இதை 'நேரக் குறைப்பு' என்று நினைப்பதே இல்லை.

இன்னொன்று. அழுதால், அடித்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஒரு பிள்ளை பத்து நாளில் கற்றுக்கொள்ளும். பேச முடியாத பிள்ளைக்கு அது ஒரு வாக்கியம் மாதிரி: 'என்னால் இங்கே இருக்க முடியவில்லை.' நாம் காரணத்தைத் தேடாமல் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் அழுகை கூடுமே தவிரக் குறையாது.

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். அழுகைக்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே நாம் என்ன செய்தோம். கூடவே மணி. இரண்டு வாரம் எழுதினால் போதும். எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி தினமும் மதியம் கத்துவாள். சோர்வு என்றே நினைத்திருந்தோம். நோட்டைப் பார்த்தால் எல்லாமே சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை இழுக்கும் நேரம். அவளைப் பத்து நிமிடம் முன்பே சாப்பிட வைத்தோம், காதுக்கு ஹெட்போன் கொடுத்தோம். மோசமான நாட்கள் இன்னும் வருகின்றன. ஆனால் மதியத்தில் வீட்டுக்கு அனுப்புவது நின்றுவிட்டது.

ஒற்றைப்பனை

எங்கள் அனுபவம் கொஞ்சம் வேறு. மகளுக்கு வலிப்பு நோய். மாத்திரையின் அளவைக் கூட்டியபோது பதினொரு மணிக்கெல்லாம் மேஜையில் தலை சாய்ந்துவிடும். டாக்டரே சில வாரம் நேரத்தைக் குறைக்கச் சொன்னார். எனவே குறைப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லாம் எழுத்தில் இருந்தது. எந்தத் தேதியிலிருந்து, எதற்காக, எந்தப் பாடங்கள் விடுபடும், அவற்றை யார் எப்போது நடத்துவார்கள். வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போய் ஆறு வாரத்தில் முழு நாள். நடுவில் ஒரு தடவை வலிப்பு வந்து பின்னால் போனோம், எட்டு வாரம் ஆனது. அவ்வளவுதான். திரும்பி வரும் தேதி இருந்ததால் அவளும் காலண்டரில் நாட்களை அடித்துக்கொண்டே வந்தாள்.

நடுவழி

சாரல், 'தலையாட்டிவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் நீங்கள் தலையாட்டினாலும் அது செல்லாது. 'கொஞ்சம் அமைதியாகட்டும்' என்று முறையாகப் பதியாமல் வீட்டுக்கு அனுப்புவது, பெற்றோர் ஒப்புக்கொண்டாலும் சட்டவிரோதம் என்று அரசு வழிகாட்டுதலே சொல்கிறது. அயர்லாந்தில் 2022 ஜனவரியிலிருந்து, நேரத்தைக் குறைத்தால் பெற்றோரின் சம்மதம் வாங்கி, குழந்தைகள் நலனுக்கான அரசு அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில், மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கல்வித் திட்டம் வகுக்கும் குழுவில் பெற்றோரும் உட்கார்ந்து, பிள்ளையின் தேவையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை அதற்குக் காரணமாகாது. அங்கே ஒரிகன் மாநிலம் 2023-ல் தனிச் சட்டமே போட்டது: பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் படிப்பு என்று கணக்கு வைக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இதில் குறைத்துக்கொள்ளலாம் என்று அந்த அட்டவணையில் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, பிள்ளைக்கு ஏற்ற வசதிகளைச் செய்து தருவதைக் கல்வி நிறுவனத்தின் பொறுப்பாக்குகிறது. பிள்ளையை அனுப்பிவிட்டால் வசதி செய்கிற வேலையே இல்லாமல் போய்விடுகிறது இல்லையா, அங்கேதான் நாம் கேட்க வேண்டும்.

கோபமாகப் போக வேண்டாம். வாய்ப்பேச்சாக மட்டும் போகாதீர்கள். வாயால் வந்த முடிவுக்கு வாயாலேயே பதில் சொன்னால் ஒரு தடயமும் இருக்காது.

சாரல்

எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரம் கழித்து வருகிறேன்.

கரும்பலகை சொன்ன நோட்டை நான் கேட்டதும் வகுப்பாசிரியர் மறுக்கவில்லை. 'யாராவது கேட்டால் எழுதலாம் என்றிருந்தேன்' என்றார். இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது. மதிய வகுப்பு தொடங்க நீளமாக ஒரு மணி அடிப்பார்கள். அந்த மணி தொங்குவது எங்கள் வகுப்பு வாசலிலேயே. பதினொரு அழுகையில் ஒன்பது, அது அடித்த ஐந்து நிமிடத்துக்குள்.

அப்புறம் தலைமையாசிரியருக்கு மின்னஞ்சல் போட்டேன். நான்கே வரி. உங்களுக்கும் உதவும் என்று அப்படியே தருகிறேன்:

"என் மகனை இந்தத் தேதியிலிருந்து தினமும் 1.30 மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். இதற்கான காரணத்தையும், எந்தத் தேதி வரை என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். அவன் முழு நாளும் இருக்க என்ன ஏற்பாடு செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவன் கிளம்பும் நேரத்தை இன்றிலிருந்து வருகைப் பதிவேட்டில் குறிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை எழுதும்போது கை நடுங்கியது. பள்ளியைப் பகைத்துக்கொண்டால் அந்தக் கோபத்தைப் பிள்ளையிடம் காட்டுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

நான்காம் நாள் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன் அவன் மேஜையில் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைக்கிறார்கள், மணல் முழுக்க இறங்குவதற்குள் அவனே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்கிறான். இப்போது இரண்டேகால் வரை இருக்கிறான். பாட்டு நேரத்தில் உள்ளேதான் இருக்கிறான்.

மூன்று மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி. அடுத்த கூட்டம் வருகிற மாதம் முதல் வாரம், தேதியை எழுதி வாங்கிவிட்டேன். முடிந்ததும் வந்து சொல்கிறேன்.