திணிவு மறையாகவும் இருக்கலாமாம்

வெள்ளவத்தையிலிருந்து:
கம்பஸில் இரண்டாம் வருடம். வில்லில் தொங்கும் ஒரு திணிவு. ஏ.எல். கணிதம் படித்த எவருக்கும் விடை மனப்பாடம்: எளிமை இசை இயக்கம், சைனும் கோசைனும். குறியீடுகளை வைத்தே கணக்குச் செய்யும் சிம்பை என்ற பைதன் மென்பொருளை அப்போதுதான் லேப்டொப்பில் போட்டிருந்தேன். தெரிந்த கணக்கிலேயே சோதிப்போம் என்று அந்த வகையீட்டுச் சமன்பாட்டை, அதைத் தீர்க்கும் டீசோல்வ் என்ற கட்டளையிடம் கொடுத்தேன். வந்ததில் சைனும் இல்லை, கோசைனும் இல்லை. இரண்டு அடுக்குக்குறி உறுப்புகள், அடுக்கில் ஒரு வர்க்கமூலம், அதற்குள்ளே மறைக்குறி! எங்கேயோ சக, சயக் குறியை மாற்றி அடித்துவிட்டேன் என்று நினைத்து நடுச்சாமம் வரை திரும்பத் திரும்பத் தட்டினேன்.

விடை சரிதான். வில் மாறிலியும் திணிவும் மறையாகவோ சிக்கலெண்ணாகவோகூட இருக்கலாம் என்று சிம்பை எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் எதையும் சொல்லவில்லையே. குறியீடுகளை அறிவிக்கும் வரியில் 'பொசிட்டிவ்=ட்ரூ', அதாவது இவை நேர் எண்கள் என்று சேர்த்தேன், சைனும் கோசைனும் சமத்தாக வந்து நின்றன.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
தம்பி, அதனால்தான் எனக்கு மக்சிமாவைப் பிடிக்கும், அதுவும் சிம்பை மாதிரி ஒரு மென்பொருள்தான். தெரியாவிட்டால் வாயைத் திறந்து கேட்கும். 2022 பங்குனியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் ஒன்றில் மிச்ச பட்டரியில் அதனிடம் ஒரு கௌசியன் தொகையீட்டைக் கொடுத்தேன்: அடுக்கில் 'மறை ஏ தர எக்ஸ் வர்க்கம்' உள்ள சார்பு, பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை. "ஏ நேரா, மறையா, பூச்சியமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. வியர்வையிலும் நுளம்பிலும் 'நெகட்டிவ்' என்று அடித்துவிட்டேன். தொகையீடு விரிகிறது, அதாவது முடிவுள்ள விடை இல்லை என்று முகத்திலடித்தாற்போல் பதில். பட்டரி 9 வீதம். இப்போது முதல் வரியிலேயே 'அசூம்' கட்டளையால் ஏ நேர் என்று போட்டுவிடுவேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து:
நான் பழைய ஆள், இரட்டை ஊசலுக்கு லக்ராஞ்சியனை (இயக்கச் சக்தியிலிருந்து அழுத்தச் சக்தியைக் கழித்து வரும் கோவை) கையால் எழுதிய தலைமுறை. நாலு பக்கம் போனபின் முதற்பக்கத்தில் ஒரு கோசைன் விடுபட்டது தெரியவரும். அந்த வயிற்றெரிச்சலோடுதான் பிரெஞ்சு வானியலாளர் டெலோனேயைப் பற்றி வாசித்தேன். சந்திரனின் இயக்கத்தைக் கையால் கணிக்க மனுஷன் 20 வருடம் செலவழித்து, 1860இலும் 1867இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். 1970இல் டெப்ரி என்ற வானியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் அதைக் கணினியில் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். சிக்கிய பிழைகளை விரல்விட்டு எண்ணலாம்! எனக்கு நாலு பக்கத்திலேயே அதைவிடக் கூட.

வெள்ளவத்தையிலிருந்து:
அண்ணா, அந்த நாலு பக்கமும் இருக்கிறதா? சிம்பையில் போட்டுப் பார்க்க ஆசை. இந்த முறை பொசிட்டிவ் மறக்கமாட்டேன்.