மைனர் கார்ட்களுக்கு எந்த மோட்? வழிகாட்டுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் கிற்றார் பயில்கிறேன். ‘பி மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவ், ஈ செவன், ஏ மைனர்’ என்று கார்ட்கள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) நகரும்போது மனோதர்மமாக வாசிப்பதில்தான் சிக்கல்.

முதல் கார்டுக்கு லோக்ரியன் என்ற மோட் (ஒரு ஸ்கேலை அதன் வேறொரு சுரத்திலிருந்து தொடங்கும் வரிசை) பொருந்துகிறது. ஈ செவனில் ஜி ஷார்ப் இருப்பதால் ஏயோலியனின் (இயல்பான மைனர் ஸ்கேலின்) ஜி உரசுகிறது. ஹார்மோனிக் மைனரின் ஐந்தாம் மோடுக்கு மாறினால் காது நிறைகிறது. ஹார்மோனிக் மைனருக்கு நிகரான கீரவாணி ராகத்தைப் பஞ்சமத்திலிருந்து கிரகபேதம் செய்தால் (பஞ்சமத்தையே ஷட்ஜமாகக் கொண்டால்) வகுளாபரணம் வருமே, அதே சுரங்கள்தான்!

ஏ மைனரில் வந்து நிற்கும்போது டோரியன் மோடா, மெலோடிக் மைனர் ஸ்கேலா? இரண்டிலும் உள்ள எஃப் ஷார்ப் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அடுத்த சுற்றிலேயே பி கார்ட் எஃப் நேச்சுரலைக் கேட்கிறது. இந்த மாற்றத்தை வெட்டுத் தெரியாமல் வாசிப்பது எப்படி? கொழும்பில் ஜாஸ் கற்பிப்பவர்களைத் தெரிந்தாலும் சொல்லுங்கள்.