கறள் பிடித்த பிரிட்ஜ்: பேஸ் கிற்றாரில் மாற்றிய அனுபவங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. யன்னல் கொண்டி, மின்விசிறி, அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுவிடும். என்னுடைய பேஸ் கிற்றாரின் பிரிட்ஜும், அதாவது கம்பிகளைத் தாங்கி உடம்போடு பிடித்திருக்கிற உலோகப் பகுதியும், அப்படித்தான் போனது. மாற்ற நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

2016இல் தெரிந்த அண்ணா ஒருவரிடம் பழசாக வாங்கிய, ஃபெண்டர் கம்பனியின் ஜாஸ் பேஸ் வடிவத்தில் செய்த நாலு கம்பி பேஸ். பிரிட்ஜ் பழைய ஃபெண்டர் முறை. மடித்த மெல்லிய தகடு, அதன் மேல் ஒவ்வொரு கம்பியும் படுத்திருக்கிற சிறிய தாங்கிகளாக நாலு சாடில், ஐந்து திருகாணியில் உடம்போடு பூட்டியிருக்கும். சாடிலை உயர்த்தவும் தாழ்த்தவும் தலையில்லாத குட்டித் திருகுகள் இருக்குமே, முதலில் கறள் பிடிப்பது அவைதான். கை வியர்வையும் அங்கேதான் போய்ச் சேரும். ஒருநாள் அலன் கீயைப் போட்டுத் திருப்பினேன். திருகு அசையவில்லை, அதன் ஆறுமூலைக் குழி மட்டும் வட்டமாகத் தேய்ந்து, செங்கல் நிறத் தூள் விரலில் ஒட்டியது.

உயரம் மாறாததை ஒரு வருடம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது சுருதி. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். ஏ கம்பியை (தடித்ததிலிருந்து ஈ, ஏ, டீ, ஜீ என்று நாலு கம்பி) விரல் அழுத்தாமல் வாசித்தால் கீபோர்டோடு சரியாக நிற்கும். கழுத்தில் மேலே போகப் போகச் சுருதி ஏறிவிடும். சாடிலைப் பின்னுக்குத் தள்ளிக் கம்பியின் நீளத்தைக் கூட்டினால் இது சரியாகும், ஆனால் அந்தத் திருகும் இறுகிக் கிடந்தது. நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், நல்ல இடம் வரும்போதெல்லாம் பாட்டு நடத்துகிற அக்கா என்னைப் பார்த்து "கீழே வாசி தம்பி" என்று கையால் காட்டினார். அன்றே முடிவெடுத்தேன்.

மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் வைத்தும் பார்த்தேன். மூன்று திருகு கழன்றது, மற்றவை அசையவேயில்லை. அப்புறம் 2022 வந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போன வருடம் அது, வெளியிலிருந்து எதையும் எடுப்பிக்கிற யோசனையே வரவில்லை. அடுத்த வருடம்தான் தடித்த அடித்தகடும் பித்தளைச் சாடிலும் உள்ள ஒன்றை வாங்கினேன். பெட்டியில் "எந்த பேஸுக்கும் பொருந்தும்" என்று இருந்தது. அதை நம்பியதுதான் பிழை. ஐந்து துளையில் இரண்டுதான் பொருந்தியது. மற்றவை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றன.

அப்பாவின் ட்ரில்லை எடுத்து நானே புதிதாகத் துளை போட்டேன். ட்ரில் முனை பழைய துளைக்குள் வழுக்கிச் சரிந்துவிட்டது. கம்பி போட்டுப் பார்த்தால் ஜீ கம்பி கழுத்தின் ஓரத்துக்கே வந்து நிற்கிறது, அழுத்தினால் வெளியே நழுவுகிறது. அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

காப்பாற்றியது எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் கதவு, அலமாரி செய்கிற ஒரு தச்சு பாஸ். வயதானவர். பழைய துளைகள் எல்லாவற்றையும் ஒரே அளவாகப் பெருப்பித்து, முதிரை மரத்தில் சீவிய குச்சிகளை மரப்பசை தடவி இறக்கினார். "நாளைக்குத் தொடாதே, நாளை மறுநாள் வா" என்றார். நாலு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும் என்று சொன்னதும், இன்னும் ஒருநாள் கூட்டினார்.

துளை போடும் முன் அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். தையல் நூல் இரண்டு எடுத்தார். ஒன்றை நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படுகிற, பள்ளம் வெட்டிய துண்டு) ஈ கம்பிப் பள்ளத்திலும் மற்றதை ஜீ கம்பிப் பள்ளத்திலும் வைத்து, பிரிட்ஜின் ஓரச் சாடில்கள் வரை இழுத்து டேப் ஒட்டினார். பிறகு குனிந்து, ஒரு கண்ணை மூடி, கழுத்தின் இரு ஓரத்திலும் நூலுக்கு வெளியே எவ்வளவு மரம் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து பிரிட்ஜை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். அரை மணித்தியாலம் ஆனது. நீளத்துக்கு நான் சொன்ன கணக்கு இதுதான்: 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) 432 மில்லிமீட்டர், அங்கிருந்து ஜீ சாடிலுக்கும் அதே 432. தடித்த கம்பிகளின் சாடில்கள் அதைவிடப் பின்னால்தான் போய் நிற்கும் என்பதால், ஜீ சாடிலை முன்பக்கம் கொண்டுவந்து வைத்து அளக்க வேண்டும். குறியிட்ட பிறகு, திருகாணிகளில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டுத்தான் முறுக்கினார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அம்ப்பில் போட்டால் பெரிய உறுமல். கம்பியைத் தொட்டாலும் குறையவில்லை. பிரிட்ஜுக்கு அடியில் ஒரு எர்த் வயர் வரும், அது தகட்டோடு உலோகத்துக்கு உலோகம் தொட வேண்டும். புதிய தகட்டின் அடியில் பூச்சு இருந்திருக்கிறது. வயர் படுகிற இடத்தில் சில்லறைக் காசு அளவுக்கு மண்தாளால் தேய்த்தேன், உறுமல் போய்விட்டது. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட் 49 ஹேர்ட்ஸ். அந்தச் சுரத்தை வாசிக்கும்போது உறுமலும் அதுவும் ஒன்றோடொன்று அலையடிப்பதைக் காதால் கேட்கலாம். எர்த் வயரைப் பார்க்காமல் மேடை ஏறாதீர்கள்.

சத்தம் மாறியதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் காதுக்குக் கொஞ்சம்தான். சுரம் தொடங்குகிற இடம் தெளிவாக இருக்கிறது. நீண்டு நிற்கிறதா என்றால், ஒரு நூல் அளவு. ஆனால் சுருதி! 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புகிற சுரம்) அழுத்திய சுரமும் ட்யூனரில் ஒரே இடத்தில் நிற்பதை முதல் தடவை பார்த்தபோது கண் கலங்கியது. அதற்காகவே மாற்றலாம்.

பதில், தெஹிவளையிலிருந்து

அண்ணா, சத்தம் கொஞ்சம்தான் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் போட்டது பேட்ஆஸ் என்கிற தடித்த பிரிட்ஜ் வகை. ரஷ் இசைக்குழுவின் பேஸ் கலைஞர் கெடி லீயின் 1972 ஜாஸ் பேஸில் இருப்பது அந்த இனம்தான், அதைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டேன். விரலால் இல்லாமல் பிக் துண்டால் அடித்து வாசிக்கிற எனக்கு நடுச்சுரங்கள் நன்றாக எழும்பி வருகின்றன.

வாங்க நினைக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சாடிலில் பள்ளம் வெட்டாமலே வரும், ஒவ்வொரு கம்பிக்கும் நாமே அரத்தால் வெட்ட வேண்டும். முதல் சாடிலில் நான் அகலமாக வெட்டிவிட்டேன், ஈ கம்பி உள்ளே ஆடி சிதார் மாதிரி இரைந்தது. கம்பியின் தடிப்புக்கு ஏற்ற அரம் வேண்டும், பின்பக்கம் மெல்லச் சரிய வேண்டும். அடித்தகடும் தடிப்பு. சாடிலை அடிமட்டம் வரை இறக்கியும் கம்பி உயரமாக இருந்ததால், கழுத்தைக் கழற்றிக் குழிக்குள் ஒரு விசிட்டிங் கார்ட் துண்டு வைத்தேன். இப்போது 17ஆம் ஃபிரெட்டில் ஈ கம்பியின் உயரம் 2.4 மில்லிமீட்டர், ஜீ கம்பி 2.

பதில், மட்டக்குளியிலிருந்து

நான் கல்யாண வீடுகளுக்கு பைலா ஆட்டப்பாட்டு வாசிக்கிற ஆள். பிரிட்ஜை மாற்றவில்லை. எனக்குச் சுரம் நீளவே கூடாது, கட்டையாக நின்றால்தான் ஆட்டம் வரும். பாத்திரம் கழுவுகிற ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டிப் பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிகளுக்கு அடியில் செருகியிருக்கிறேன். 1950களில் ஃபெண்டர் பேஸின் பிரிட்ஜ் மூடிக்குள் இதற்கென்றே ஒரு மியூட் (சத்தத்தை அடக்குகிற துண்டு) வைத்துத்தான் வந்தது. தம்பிமார் முதலில் இதைச் செய்து பாருங்கள், பிறகு காசு செலவழிக்கலாம்.

ஒரு கேள்வி. என் சாடில் திருகுகளும் கறள். பிரிட்ஜை விட்டுவிட்டுத் திருகை மட்டும் மாற்ற முடியாதா?

பதில், வெள்ளவத்தையிலிருந்து

முடியும் அண்ணா. எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது. கழன்ற திருகு ஒன்றைக் கையோடு கொண்டு பழைய சோனகத் தெருப் பக்கம் போங்கள், ஹார்ட்வெயார் கடைகளில் துருப்பிடிக்காத எஃகில் தலையில்லாத் திருகு கேளுங்கள். ஆசியாவில் செய்த பேஸ்களில் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் தடிப்பு, 1.5 மில்லிமீட்டர் அலன் கீ. அமெரிக்காவில் செய்ததென்றால் அங்குலக் கணக்கு, அதற்கேற்ற அங்குலக் கீ வேண்டும். அளவு பொருந்தாத கீயால் திருப்பினால் வழுக்கிக் குழியைத் தேய்த்துவிடும். நீளத்தையும் பாருங்கள்: ஓரத்து ஈ, ஜீ சாடில்களுக்குக் குட்டையானது, நடு இரண்டுக்கும் கொஞ்சம் நீளமானது. நீளம் கூடினால் திருகு மேலே துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும்.

ஈ சாடில் போதுமான அளவு பின்னுக்குப் போகவில்லை என்றால், அதன் ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிப் போடுங்கள், இடம் கிடைக்கும்.